முதலாளிக்கும் பாடம் வேண்டும்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட கல்வி வகுப்பு ஒன்றில் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

இன்றைய வகுப்பின் தலைப்பைக் கேட்டதும் உங்களில் சிலர் சிரித்திருப்பீர்கள். முதலாளிகளுக்கும் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் அளிக்கப்படும் தொழிற் பாதுகாப்புப் பயிற்சி என்பது தலைப்பு. "அவர்கள் படித்தால் என்ன, படிக்காவிட்டால் என்ன? கார்டிங்கில் நிற்பவனுக்கும் கரும்புக் காட்டில் மருந்தடிப்பவனுக்கும் அதனால் என்ன?" என்று கேட்கத் தோன்றும்.

நியாயமான கேள்விதான். ஆனால் யந்திரத்துக்கு மூடி போடுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது யார்? எந்த மருந்தை வாங்குவது, எத்தனை பேரை ஷிப்டுக்கு வைப்பது, பழுதான மோட்டாரை இன்று நிறுத்துவதா அடுத்த மாதம் நிறுத்துவதா என்று முடிவு செய்வது யார்? நாமல்ல. முடிவு செய்கிறவனுக்கு என்ன பாடம் சொல்லிக் கொடுக்கப்படுகிறது என்பது நம்முடைய விரலையும் நுரையீரலையும் பற்றிய விஷயம். ஆகவேதான் அந்தப் பாடத்தை நாமும் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 29 லட்சத்து 30 ஆயிரம் தொழிலாளர் வேலையின் காரணமாக இறந்தார்கள். இதில் விபத்தில் மாண்டவர்கள் சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம். மீதி 26 லட்சம் பேர் வேலை தந்த நோயினால் மாண்டவர்கள். இதைக் கவனியுங்கள். கை நசுங்கினால் ஊர் கூடுகிறது. நுரையீரல் இருபது வருஷமாகச் சுருங்கிச் செத்தால் "பாவம், இளைப்பு நோய்" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். விபத்தைப்போல ஏழெட்டு மடங்கு உயிர்களைக் குடிப்பது சத்தமில்லாத நோய்தான்.

பழைய பல்லவி

"தொழிலாளி அஜாக்கிரதையாக இருந்தான், அதனால் அடிபட்டான்." இந்தப் பல்லவியைக் கேட்காத ஆலைத் தொழிலாளி உண்டா? இது நேற்றுப் பிறந்ததல்ல. இங்கிலாந்தில் 1844ஆம் ஆண்டுச் சட்டம் ஆலை யந்திரங்களுக்கு வேலி போட வேண்டும் என்று கட்டளையிட்டது. கூரையடியில் சுழலும் தண்டில் சட்டை மாட்டிப் பலர் செத்துக்கொண்டிருந்த காலம் அது. தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் லியோனார்டு ஹார்னர் போன்றவர்கள் வழக்குப் போட்டார்கள். முதலாளிகள் என்ன செய்தார்கள்? வேலி போடவில்லை. 1855இல் மான்செஸ்டரில் கூடி, வேலிச் சட்டத்தை எதிர்க்கவென்றே சங்கம் அமைத்தார்கள்! நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய பத்திரிகை அந்தச் சங்கத்தைக் காய்ச்சி எடுத்தது. இருந்தும் அடுத்த ஆண்டே பார்லிமெண்டில் வேலி விதி தளர்த்தப்பட்டது. சங்கம் சேர்வது தொழிலாளியின் துர்ப்பழக்கம் என்று பேசுகிறவர்கள், இந்தச் சரித்திரத்தையும் கொஞ்சம் படிக்கட்டும்.

பிறகு இந்தப் பல்லவிக்கு விஞ்ஞானச் சட்டை மாட்டினார்கள். 1931இல் அமெரிக்காவில் ஹெய்ன்ரிச் என்பவர் விபத்துத் தடுப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றின் உத்தியோகஸ்தர். நூறு விபத்தில் 88 தொழிலாளியின் தவறான செய்கையால், 10 மோசமான யந்திரத்தாலும் இடத்தாலும், 2 தவிர்க்க முடியாதவை என்பது அவர் கணக்கு. உலகெங்கும் பாதுகாப்புப் பயிற்சிகளில் இந்த 88 மந்திரம்போல ஓதப்பட்டது.

இந்தக் கணக்குக்கு ஆதாரம் எது? இன்ஷூரன்ஸ் கோரிக்கைத் தாள்களும் ஆலை நிர்வாகங்கள் எழுதி வைத்த விபத்து அறிக்கைகளும். அடிபட்டவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அறிக்கை எழுதுகிறவர் மேற்பார்வையாளர். அவர் தம்மையே குற்றவாளி என்று எழுதுவாரா? யந்திரத்துக்கு மூடி இல்லை, ஆள் பற்றாக்குறை, இரட்டை ஷிப்டு என்று எழுதுவாரா? "கையை விட்டான்" என்று எழுதிவிட்டுப் போவார். இப்படி ஆயிரம் தாளைக் கூட்டினால் 88 வராமல் வேறென்ன வரும்? பின்னால் வந்த நிபுணர்கள் பலர் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் அதன் வாசனை இன்னும் பல வகுப்புகளில் வீசுகிறது.

மனிதன் என்றால் கவனம் தவறத்தான் செய்வான். இரவு ஷிப்டில் மூன்று மணிக்குக் கண் சொருகும். தவறுகிற கையும் தப்பிக்கும்படி யந்திரம் இருக்க வேண்டும் என்பதே பாதுகாப்பு விஞ்ஞானத்தின் முதற்பாடம்.

ஐந்து படிகள்

உண்மையான பாதுகாப்புக் கல்வி என்ன சொல்கிறது? அபாயத்தை எதிர்க்க ஐந்து படிகள் உண்டு என்கிறது. மேல்படியிலிருந்து கீழே வர வேண்டும். கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துகொள்ளக் கூடாது.

முதல் படி, அபாயத்தையே ஒழிப்பது. கொடிய விஷ மருந்து தேவைப்படாத பயிர்முறை இருந்தால் அந்த மருந்தே வேண்டாம். இரண்டாவது படி, மாற்றுவது. கடுமையான மருந்துக்குப் பதில் கேடு குறைந்ததைப் பயன்படுத்துவது. மூன்றாவது படி, யந்திரத்தையும் இடத்தையும் திருத்துவது. புளோரூமிலும் கார்டிங்கிலும் தூசியைப் பிறக்கிற இடத்திலேயே உறிஞ்சும் குழாய் வைப்பது. பல் சக்கரத்துக்கு மூடி போடுவது. மூடி திறந்தால் யந்திரம் தானே நிற்கும்படி செய்வது. நான்காவது படி, வேலை முறையைத் திருத்துவது. யந்திரத்தைச் சுத்தம் செய்யும்போது மெயின் சுவிட்சை அணைத்து, வேலை செய்கிற ஒவ்வொருவரும் தன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்வது. கடைசி ஆள் பூட்டைக் கழற்றும்வரை யாரும் யந்திரத்தை ஓட்ட முடியாது. ஐந்தாவது, கடைசிப் படிதான் முகமூடி, கையுறை, தலைக்கவசம்.

நம் அனுபவத்தில் என்ன நடக்கிறது? முதலாளி நேரே ஐந்தாவது படியில் குதித்துவிடுகிறார். ஒரு துணி முகமூடியைக் கையில் கொடுத்து, "பாதுகாப்பு கொடுத்துவிட்டேன்" என்கிறார். ஏன்? உறிஞ்சும் குழாய்க்குப் பணம் செலவாகும், முகமூடி மலிவு. அதைக் கழற்றினால் குற்றத்தையும் தொழிலாளி தலையில் போட்டுவிடலாம். ஐந்து படியையும் படித்துவிட்டு வந்த அதிகாரியைப் பார்த்து நாம் கேட்க வேண்டும்: "ஐயா, மேலே இருக்கிற நாலு படியும் எங்கே?"

பஞ்சுத் தூசி சொல்லும் கதை

பஞ்சாலைத் தொழிலாளிக்கு வரும் பிஸினோசிஸ் என்னும் நுரையீரல் நோயைப் பாருங்கள். வார ஓய்வு முடிந்து முதல் நாள் வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகும், இருமல் வரும். அடுத்த நாள் சரியாகிவிடும். வருஷங்கள் போகப் போக வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் என்று நீண்டு, முடிவில் என்றென்றைக்குமான இளைப்பாக நிலைத்துவிடும். லங்காஷயர் ஆலைகளில் இதை டாக்டர் ஷில்லிங் 1950களில் விரிவாக ஆராய்ந்தார். நம் நாட்டிலும் ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இது இடம்பெற்றது.

அமெரிக்காவில் 1978இல் சர்க்கார் பஞ்சுத் தூசிக்கு வரம்பு விதித்தது. நூல் நூற்கும் பகுதியில் ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் தூசி இருக்கக் கூடாது. ஆலை முதலாளிகள் "செலவு தாங்காது, தொழிலே அழிந்துவிடும்" என்று கோர்ட்டுக்குப் போனார்கள். 1981இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். அதன்பின் என்ன நடந்தது? யந்திரங்கள் புதுப்பிக்கப்பட்டன, உற்பத்தி பெருகியது, நோய் வெகுவாகக் குறைந்தது. செலவோ அவர்கள் பயமுறுத்திய அளவுக்கு வரவில்லை. முதலாளிகளுக்கு இதைவிட நல்ல பாடம் வேறு உண்டா? ஆனால் அந்தப் பாடத்தை அவர்கள் வகுப்பில் கற்கவில்லை. சட்டமும், நெஞ்சு நொந்த தொழிலாளர் நடத்திய கிளர்ச்சியும் கற்பித்தன.

போபாலில் எந்தப் பாடம் மறக்கப்பட்டது?

1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு. போபாலில் யூனியன் கார்பைடு தொழிற்சாலையிலிருந்து சுமார் 40 டன் மீதைல் ஐசோசயனேட் என்ற விஷவாயு வெளியேறியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். லட்சக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். அந்தக் கம்பெனியில் பாதுகாப்பு நிபுணர்கள் இல்லையா? இருந்தார்கள். 1981 டிசம்பரில் ஒரு தொழிலாளி விஷவாயுவுக்குப் பலியான பிறகு, 1982இல் அமெரிக்காவிலிருந்தே ஒரு குழு வந்து குறைகளைப் பட்டியல் போட்டது. தொழிற்சங்கங்கள் அபாயத்தை எடுத்துச் சொல்லிப் போராடின.

நிர்வாகம் என்ன செய்தது? விற்பனை குறைந்தது என்று செலவைக் குறைத்தது. விஷவாயுப் பகுதியில் ஆட்கள் குறைக்கப்பட்டார்கள். பயிற்சிக் காலம் சுருக்கப்பட்டது. தொட்டியைக் குளிர்விக்கும் யந்திரம் 1984 ஜூனிலேயே நிறுத்தப்பட்டது. தப்பிவரும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரமோ அன்றிரவு பழுதில் கிடந்தது. தொழிலாளர் படித்தது இந்தியில். யந்திரத்தை ஓட்டும் விதிப்புத்தகங்கள் இருந்தது இங்கிலீஷில். இத்தனைக்கும் பிறகு கம்பெனி சொன்ன சமாதானம் என்ன? மனக்குறை கொண்ட ஒரு தொழிலாளி செய்த நாசவேலையாம்! அதே பழைய பல்லவி! 2010 ஜூனில்தான் இந்திய அதிகாரிகள் ஏழு பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அதுவும் இரண்டே வருஷம்.

போபால் காட்டுவது இதுதான்: அறிவு இருந்தது, அறிக்கை இருந்தது. செலவைக் குறைக்கிற கை அவற்றைவிட வலுவாக இருந்தது.

மொழி விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்று நம் ஆலைகளில் பீகாரிலிருந்தும் ஒரிஸாவிலிருந்தும் வந்த தோழர்கள் நம் பக்கத்துச் சைடில் நிற்கிறார்கள். எச்சரிக்கைப் பலகை தமிழில் மட்டும் இருந்தால் அவர்களுக்கு அது போபாலின் இங்கிலீஷ் புத்தகம்தான். "நம் மொழியில் பயிற்சி வேண்டும்" என்று நாம் கேட்கும்போது, அவர்கள் மொழியிலும் வேண்டும் என்று சேர்த்துக் கேட்பது நம் கடமை. பக்கத்தில் நிற்பவனுக்கு எச்சரிக்கை புரியாவிட்டால் ஆபத்து நமக்கும்தான்.

எட்டு மாடி இடிந்த பிறகு

2013 ஏப்ரல் 24. வங்கதேசத்தில் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து, உடைத் தொழிலாளர் 1,100க்கு மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் பெண்கள். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டது. கீழ்த்தளத்திலிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. ஆனால் தையல் தொழிலாளரை மட்டும் மறுநாள் உள்ளே போகச் சொன்னார்கள். விரிசலைத் தொழிலாளர் பார்க்கவில்லையா? பார்த்தார்கள், பயந்தார்கள். "போகமாட்டேன்" என்று சொல்லும் பலம்தான் இல்லை. அந்த ஆலைகளில் சங்கம் இல்லை.

அதற்குப் பின், அதே 2013 மே மாதம் சர்வதேசத் தொழிற்சங்கங்களும் பெரும் உடைக் கம்பெனிகளும் ஓர் ஒப்பந்தம் செய்தன. சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். சுதந்திரமான பொறியாளர்கள் ஆலைகளைச் சோதித்தார்கள். அறிக்கைகள் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டன. தொழிலாளர் அங்கம் வகிக்கும் பாதுகாப்புக் கமிட்டிகளுக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டது. அபாயமான வேலையை மறுக்கும் உரிமை எழுதப்பட்டது. திருத்தாத ஆலைக்கு ஆர்டர் கிடையாது என்றானது. பயிற்சிக்குப் பின்னால் இப்படி ஒரு பிடி இருந்தால்தான் முதலாளி படித்ததைச் செய்கிறான்.

வயலும் ஆலைதான்

விவசாயத் தொழிலாளத் தோழர்கள் இதுவரை பொறுமையாகக் கேட்டீர்கள். வயலில் முதலாளி என்று பெயர்ப்பலகை கிடையாது. ஆனால் மருந்து வாங்கிக் கொடுத்து அடிக்கச் சொல்கிறவர் முதலாளிதான். 1958இல் கேரளத்தில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து, ஏற்றி வந்த கோதுமை மாவில் கலந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் 1968இல் பூச்சிமருந்துச் சட்டம் வந்தது. 1971ஆம் ஆண்டு விதிகள் மருந்து உற்பத்தியாளரும் விற்பவரும் பாதுகாப்புப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றன. ஆயினும் 2017இல் மகாராஷ்டிரத்தில் யவத்மால் மாவட்டத்துப் பருத்திக் காடுகளில் மருந்தடித்த இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். விதி காகிதத்தில் இருந்தது. கையுறையும் பயிற்சியும் வயலுக்கு வந்து சேரவில்லை.

டப்பாவில் இருக்கும் முக்கோணத்தைப் பாருங்கள். எழுத்துத் தெரியாவிட்டாலும் நிறம் தெரியும். சிவப்பு மிகக் கொடிய விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்தது. சிவப்பையும் மஞ்சளையும் கண்டால் நின்று கேளுங்கள். காற்றுக்கு எதிராக அடிக்காதீர்கள். அடைத்த குழாயை வாயால் ஊதாதீர்கள். மருந்து பட்ட துணியோடு குழந்தையைத் தூக்காதீர்கள். கண் மங்கி, வாயில் நீர் ஊறி, தலை சுற்றினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். டாக்டருக்கு அதுதான் வழிகாட்டி.

கதிரடிக்கும் யந்திரத்தில் கையிழந்தவர்கள் ஏராளம். அதற்காகவே 1983இல் அபாய யந்திரங்கள் சட்டம் வந்தது. கை சக்கரத்தை எட்டாதபடி கதிர் ஊட்டும் பாதை நீளமாகவும் மூடியும் இருக்க வேண்டும். பாதையை வெட்டிக் குட்டையாக்கிய யந்திரத்தில் வேலை செய்யமாட்டோம் என்று களத்துமேட்டில் எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும். தனியாகச் சொன்னால் மறுநாள் கூலி போகும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

நம் நாட்டில் இந்தப் பயிற்சிக்கு ஸ்தாபனங்கள் உண்டு. பம்பாயில் மத்தியத் தொழிலாளர் நிலையமும், சென்னையில் அதன் மண்டல நிலையமும் இருக்கின்றன. தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் 1966 மார்ச் 4இல் ஏற்பட்டது. அந்தத் தேதியைப் பாதுகாப்பு தினமாக ஆலைகள் கொண்டாடுகின்றன. அன்று தொழிலாளியை வரிசையில் நிறுத்தி உறுதிமொழி வாங்குவது வழக்கம். யந்திரத்துக்கு மூடி போடுவேன் என்று முதலாளி நம் எதிரே நின்று உறுதிமொழி எடுத்ததை நீங்கள் பார்த்ததுண்டா?

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 1976இல் ஒரு திருத்தம் வந்து, ஆயிரம் பேருக்குக் குறையாத தொழிற்சாலைக்குப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்றது. போபாலுக்குப் பின் 1987இல் வந்த திருத்தம், அபாயகரமான தொழில்களில் தொழிலாளரும் நிர்வாகமும் சரிபாதியாக அமரும் பாதுகாப்புக் கமிட்டியையும், விவரம் கேட்கும் உரிமையையும் தந்தது. 2020இல் நிறைவேறிய புதிய சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. அதில் பாதுகாப்பு அதிகாரி 500 பேர் உள்ள தொழிற்சாலைக்கும், அபாயத் தொழிலானால் 250 பேர் உள்ளதற்கும் வேண்டும் என்கிறது. இது முன்னைவிட நல்லதுதான், ஒப்புக்கொள்வோம். ஆனால் பாதுகாப்புக் கமிட்டி சர்க்கார் உத்தரவு போட்டால் ஏற்படும் என்று எழுதப்பட்டிருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைந்த இடங்களுக்குப் பொதுவாகச் சட்டம் எட்டாது. இன்ஸ்பெக்டரின் பெயரிலேயே உதவியாளர் என்ற பட்டமும் ஒட்டப்பட்டிருக்கிறது. யாருக்கு உதவி என்பதை நாம்தான் கவனித்துக்கொள்ள வேண்டும்.

உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால், நிர்வாகத்துக்கும் அதே நேரத்தில் இன்ஸ்பெக்டருக்கும் தெரிவிக்கும் உரிமை அந்தச் சட்டத்தில் இருக்கிறது. இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லாதீர்கள்; எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் கேட்க வேண்டியவை

பாதுகாப்பு அதிகாரி நம் எதிரி அல்ல. அவர்களில் நல்லவர்கள் பலர். யந்திரத்தை நிறுத்தச் சொன்னால் மேனேஜர் முறைப்பார். சொல்லாவிட்டால் தொழிலாளி சாவான். நடுவில் கிடந்து தவிக்கிறார்கள். அவருக்குச் சம்பளம் கொடுக்கிறவர் முதலாளி. அவருக்குப் பலம் கொடுக்க முடிந்தது நம் சங்கம் மட்டுமே. "தொழிலாளர் எழுத்தில் கேட்கிறார்கள்" என்று சொல்ல அவருக்கு ஒரு காகிதம் கொடுங்கள்.

அந்தக் காகிதத்தில் இருக்க வேண்டியவை இவை. முதலாளியும் மேனேஜரும் மேஸ்திரியும் பெறும் பயிற்சியின் பாடத்திட்டம் சங்கத்துக்குத் தெரிய வேண்டும். தொழிலாளர் பிரதிநிதிகளும் அதில் உட்கார வேண்டும். தொழிலாளருக்கான பயிற்சி வேலை நேரத்தில், கூலியோடு, அவரவர் மொழியில் நடக்க வேண்டும். தூசியையும் சத்தத்தையும் அளந்து, அந்த எண்ணை வாசலில் ஒட்ட வேண்டும். விபத்து விசாரணையில் தொழிலாளியின் வாக்குமூலமும் பதிவாக வேண்டும். "அஜாக்கிரதை" என்று ஒரே வார்த்தையில் எழுதி மூடக் கூடாது. மயிரிழையில் தப்பிய சம்பவங்களும் பதிவாக வேண்டும். அவற்றைச் சொன்னவனைத் தண்டிக்கக் கூடாது.

தோழர்களே! உலகத் தொழிலாளர் மாநாடு 2022 ஜூனில், பாதுகாப்பான வேலையிடம் என்பதை வேலையின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. சங்கம் சேரும் உரிமைக்கு நிகராக அது வைக்கப்பட்டிருக்கிறது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று துணை. சங்கம் இருக்கிற இடத்தில்தான் மூடி போட்ட யந்திரம் மூடியோடு ஓடும்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் டிபார்ட்மெண்டில், உங்கள் களத்துமேட்டில், எந்த இடத்தில் கை போகும், எந்த இடத்தில் மூச்சு போகும் என்று பத்துப் பேர் கூடி ஒரு பட்டியல் எழுதுங்கள். அடுத்த வகுப்புக்கு அந்தப் பட்டியலோடு வாருங்கள். முதலாளிக்கு நாம் சொல்லிக் கொடுக்கப்போகும் முதல் பாடம் அதுதான்.